பவானி படம் போட்ட போர்டு

பெரியகுளம்
6.7.2025

ஆத்தா பவானி,

நீயும் சுரேஷும் நல்லபடி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தேனியிலிருந்து பெங்களூர் போகிற பஸ்ஸில் இரண்டு கிலோ காபித் தூள் போட்டுவிட்டிருக்கிறேன். அடுக்கம் மலைக் கொட்டை, சிக்கரி சேர்க்காதது. வழக்கம்போலக் கடிதமும் பைக்குள்ளேயே இருக்கிறது. காபி அரைக்கிற மெஷின் முப்பது வருஷமாகக் கொட்டையோடு சேர்த்து என் காதையும் அரைத்துவிட்டது. சுரேஷ் வாங்கிக் கொடுத்த காது மெஷினை மாட்டிக்கொண்டு போனை வைத்தால் விசில் அடிக்கிறது. போனில் எழுத்து அடிக்கலாம் என்றால் விரல் ஒன்றைத் தொட, பக்கத்தில் நாலு விழுகிறது. பேனா இருக்கும்போது எனக்கு என்ன கேடு.

விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆராய்ச்சி வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்திருப்பதாகச் சுரேஷ் அவன் அம்மாவிடம் சொன்னான். அவள் அதை என் காதருகே வந்து கத்தினாள். காபியில் இருக்கிற சத்து மூளைப் புற்றுநோயை அடக்குகிறது என்று கண்டுபிடித்திருக்கிறாயாமே. ஆத்தா, கல்யாணப் பத்திரிகையில் சுரேஷ் பெயரைவிட உன் பட்டத்தைப் பெரிய எழுத்தில் போட்டேன் என்று சொந்தக்காரர்கள் அன்றைக்குச் சிரித்தார்கள். இப்போது வந்து சிரிக்கட்டும் பார்ப்போம்.

அன்றைக்கே போர்டு அடிக்கக் கொடுத்துவிட்டேன். கடைக்கு எதிரே, பஸ்ஸில் போகிறவன் தலையைத் திருப்பாமலே படிக்கிற மாதிரி. நடுவில் வெள்ளைக் கோட்டில் நீ. ஒரு பக்கம் ஆவி பறக்கும் டபரா டம்ளர். கீழே கறுப்புக் கண்ணாடி போட்டுக் கைகூப்பியபடி நான். வாசகமும் என்னுடையதுதான். 'காபியால் மூளைப் புற்றை வென்ற பெரியகுளத்து மருமகளே, வாழ்க. காபி குடிப்போம், கேன்சரை விரட்டுவோம். இவண்: கர்ணன் காபி.'

ஊரே நின்று பார்க்கிறது. கடைக்குப் பால் ஊற்றுகிற ஜெயமங்கலம் சுருளிராஜன் உனக்குத் தெரியுமே. அவன் பெண்டாட்டி முனீஸ்வரிக்குத் தலைக்குள் கேன்சர் கட்டி. மே மாசம் மதுரையில் ஆபரேஷன் ஆனது. இந்த வாரம்தான் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்க ஆரம்பித்திருக்கிறார்கள். வாரத்தில் ஐந்து நாள் அங்கே அக்கா வீட்டில் தங்கிவிட்டு, சனி ஞாயிறு ஊருக்கு வருவாளாம். நேற்று வந்தவள் போர்டைப் படித்துவிட்டுக் கண் கலங்கி நின்றாள்.

"பெரியப்பா, இது நெசந்தானா?"

"எம் மருமக சொன்னா நெசந்தான் தாயி."

கெட்டி டிகாக்‌ஷன் ஒரு சொம்பு கொடுத்து அனுப்பினேன். மருந்துக்குக் காசு வாங்குவேனா.

உன்னால் தலை நிமிர்ந்து நடக்கிற,
மாமன் கர்ணன்

*

பெங்களூரு
13.7.2025

மாமாவுக்கு,

தூள் வந்தது. லேபில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் வாசம் பிடித்துக்கொண்டே வந்துவிட்டார்கள்.

போர்டுப் படத்தைச் சுரேஷ் காட்டியபோது சிரித்தேன். கொஞ்சம் நிமிர்ந்தும் உட்கார்ந்தேன், அதையும் மறைக்கவில்லை. உங்கள் கறுப்புக் கண்ணாடி ரொம்ப ஜோர். ஆனால் வாசகத்தைப் படித்ததும் உடனே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். மாமா, அந்தப் போர்டை இறக்கிவிடுங்கள். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே இறக்கிவிடுங்கள்.

நாங்கள் செய்தது என்ன என்று சொல்கிறேன். மூளைப் புற்றுநோய்ச் செல்களைக் கண்ணாடி மாதிரி ஒரு சின்னத் தட்டில் வைத்து வளர்க்கிறோம். அதில் கஃபீன் கரைத்து ஊற்றினோம். காபி ஊற்றவில்லை. காபியிலிருந்து பிரித்த வெறும் வெள்ளைத் தூள் அது. தனியாக ஊற்றினால் அந்தச் செல்கள் கொஞ்சம் சோம்பிப் போகின்றன, பரவுவது குறைகிறது. அவ்வளவுதான். கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்த தட்டுகளில்தான் நிறையச் செத்தன. அதுவும் நாங்கள் ஊற்றின அளவு ஒரு ஆளின் ரத்தத்தில் ஏற வேண்டுமென்றால், கட்டிக்கு ஒன்றும் ஆவதற்கு முன்னால் ஆள் போய்விடுவார். எலியில்கூட இன்னும் பார்க்கவில்லை. இது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை, மூன்று வருஷ வேலை. ஆனால் 'வென்ற' என்ற சொல்லுக்கும் இதற்கும் பெரியகுளத்துக்கும் பெங்களூருக்கும் உள்ள தூரம் இருக்கிறது.

இன்னொன்று. கட்டுரையில் ஆறு பேர் பெயர் இருக்கிறது. நான் மூன்றாவது.

முனீஸ்வரி கரண்டு வைப்பதை ஒரு நாள்கூட விடக்கூடாது. வலிப்பு வராமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவராகத்தான் இருப்பார். சொம்புக் கணக்கில் காபி வேண்டாம், எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்கட்டும். இதை நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

போர்டுக்கு ஆன செலவை நினைத்து யோசிக்காதீர்கள்.

அன்புடன்,
பவானி

*

பெரியகுளம்
23.7.2025

பவானிக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தரம் படித்தேன். உன் அத்தை சுப்புத்தாயையும் படிக்கச் சொன்னேன். அவள் உன் பக்கம். அவள் எப்போது என் பக்கம் நின்றாள்.

எட்டாம் வகுப்புப் படித்தவனுக்குத் தட்டும் தெரியாது, தூளும் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் மருமகள் பெரிய ஆள் என்பதுதான். அதை ஊருக்குச் சொன்னது குற்றமென்றால் சொல்லு. ஆறு பேரில் மூன்றாவது என்றாய். ஆறு பேரில் நம் வீட்டுப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாளே என்றுதான் போட்டேன்.

எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. அங்கே கோட்டும் கண்ணாடியுமாக இருக்கிறவர்கள் உன் படத்துக்குக் கீழே இந்தக் காபிக் கடைக்காரன் கைகூப்பி நிற்பதைப் பார்த்திருப்பார்கள். உனக்கு ஒரு மாதிரி இருந்திருக்கும். அப்படியென்றால் அதை நேராகச் சொல்லியிருக்கலாம்.

போர்டை இறக்க மாட்டேன். ஏற்றின போர்டை இரண்டு வாரத்தில் இறக்கினால், கர்ணன் பொய் சொல்லிவிட்டான் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேசுவார்கள்.

முனீஸ்வரிக்கு நீ பயப்பட வேண்டாம். சனிக்கிழமை குச்சனூர் ஆடித் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்தாள். முகத்தில் தெளிவு இருக்கிறது. திங்கட்கிழமை மதுரைக்குப் போகவில்லையாம். "காப்பி குடிக்கிறேன்ல பெரியப்பா, கொஞ்ச நாளைக்கு அதப் போட்டுப் பாப்போம்னு இருக்கு" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நான் யார்.

இந்த வாரம் தூள் அனுப்பவில்லை. கொட்டை ஈரமாக இருக்கிறது.

கர்ணன்

*

பெங்களூரு
27.7.2025

மாமா,

கொட்டை ஈரமாக இருக்கிறது என்பதை நம்புகிறேன். மற்றதற்குப் பதில் எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். அல்லது கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் கடைசி வரைக்கும் படியுங்கள்.

உங்கள் கடிதத்தில் முனீஸ்வரி மதுரை போகவில்லை என்று படித்ததும் சுரேஷிடம் நம்பர் வாங்கிச் சுருளிராஜனுக்குப் போன் போட்டேன். யார் என்று சொன்னேன். தட்டு, தூள், கதிர்வீச்சு எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா.

"இல்ல தாயி, போர்டு அங்கனதான நிக்கிது. ஒங்க மாமா தெனம் அதுக்குக் கீழதான ஒக்காந்திருக்காக. பொய்யின்னா அவுக எடுத்திருக்க மாட்டாகளா?"

கேட்டீர்களா மாமா. போர்டில் இருக்கிற பவானி பெரிய ஆள். போனில் பேசுகிற பவானி யாரோ. என் படத்தைக் காட்டி என் வாயை அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

அந்தக் கட்டி காத்திருக்காது. ஆபரேஷனில் மிச்சம் விட்டுப்போனதைக் கருக்குவதற்குத்தான் கரண்டு வைப்பது. இடையில் நிறுத்தினால் அது மறுபடியும் வளர இடம் கொடுத்த மாதிரி. அந்தப் பெண்ணுக்கு என்ன வயது இருக்கும், என் வயதுதான் இருக்கும். அவருக்கு ஏதாவது ஆனால் அது என் பெயரால் ஆகும். மூன்று வருஷம் உழைத்து நான் சம்பாதித்த பெயரால்.

உங்களை நினைத்து எனக்கு ஒரு மாதிரி இருந்திருக்கும் என்று எழுதினீர்கள். போன மாதம் எங்கள் லேபில் இந்த ஆராய்ச்சியைப் பற்றிப் பேச என்னை மேடையில் ஏற்றினார்கள். கஃபீன் என்றால் உனக்கு ஏன் இவ்வளவு ஆர்வம் என்று ஒருவர் கேட்டார். என் மாமனார் பெரியகுளத்தில் காபிக் கொட்டை வறுக்கிறவர், நான் அந்த வீட்டுக்குப் போன முதல் காலையில் என் கையில் டம்ளரைக் கொடுத்து, "படிப்ப விட்றாத ஆத்தா" என்றவர் என்று சொன்னேன். கைதட்டினார்கள். இதை உங்களிடம் சொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மாதிரிச் சொல்ல வேண்டியதாகும் என்று நினைக்கவில்லை.

சுரேஷ் ஒதுங்கிக்கொண்டான். "அப்பா வெசயம், நீயே பேசிக்க" என்கிறான். எனவே நானே கேட்கிறேன். போர்டை இறக்குங்கள். இறக்கிவிட்டு நீங்களே ஜெயமங்கலம் போங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டார்கள். போர்டு வைத்தவர் சொன்னால்தான் கேட்பார்கள்.

ஊர் பேசும் என்றால் பேசட்டும். என் மாமா அதைத் தாங்குவார் என்று எனக்குத் தெரியும்.

பவானி

*

பெரியகுளம்
3.8.2025

ஆத்தா,

வியாழக்கிழமை மத்தியானம் உன் கடிதம் வந்தது. படித்துவிட்டுக் கடைக்குள் போய் மெஷினைப் போட்டேன். கொட்டை எதுவும் போடாமல் மெஷின் சும்மா ஓடுகிறது என்று உன் அத்தை வந்து அணைத்தாள். கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். "மேடையில ஒங்களப் பத்திப் பேசியிருக்கா. நீரு அவளப் பத்தி ரோட்டுல பேசுன லட்சணம் இது" என்றாள். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கு நன்றாகக் கேட்டது.

ஆள் கூப்பிடவில்லை. நானே ஏணி போட்டு ஏறினேன். கயிற்றை அறுக்க அறுக்கக் கீழே கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருத்தன், "என்ன அண்ணாச்சி, மருமகளோட சண்டையா?" என்றான். ஆமாம், அவள் ஜெயித்துவிட்டாள் என்றேன்.

சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஜெயமங்கலம் பஸ் ஏறினேன். முனீஸ்வரி வாசலில் உட்கார்ந்திருந்தாள். தலையில் துண்டு. பக்கத்தில் நான் கொடுத்த சொம்பு.

"எம் மருமக எழுதியிருக்கா. காப்பி மருந்தில்ல தாயி. நாந்தான் தெரியாமப் போட்டுட்டேன்."

அவள் சொம்பைத் தள்ளி வைத்தாள்.

"எனக்கும் தெரியும் பெரியப்பா. காப்பி குடிச்சாப் போயிருமா இது. அங்கன ஒரு வல முகமூடி செஞ்சு வச்சிருக்காக. மூஞ்சியில போட்டு அமுக்கி, தலைய அசைக்க விடாம மேசையோட பூட்டிருவாக. எல்லாரும் வெளிய போயிக் கதவச் சாத்திருவாக. அந்தப் பயத்துக்கு ஒங்க போர்டு நல்ல சாக்காப் போச்சு."

நான் விரட்டியது கேன்சரை இல்லை, அவளை ஆஸ்பத்திரியிலிருந்து விரட்டியிருக்கிறேன். சொம்பை எடுத்துக் கொட்டினேன்.

மறுநாள் காலையில் முதல் மதுரை பஸ்ஸில் நானும் சுருளிராஜனும் அவளைக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டரம்மா சத்தம் போட்டார். எதற்கு வராமல் நின்றாய் என்று முனீஸ்வரியைக் கேட்டார். நான் முன்னால் போய், "எம் மேலதான் தப்பு, என்னைய வையுங்க" என்றேன். வைதார். நல்ல வேளை, காது மெஷினைக் கழற்றவில்லை. ஒரு வார்த்தை விடாமல் வாங்கிக்கொண்டேன். விட்டுப்போன நாளுக்குச் சேர்த்துப் பார்த்து மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள்.

கதவைச் சாத்துவதற்கு முன்னால் முனீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். கதவுக்கு இந்தப் பக்கம்தான் நிற்பேன் என்று கையைக் காட்டினேன். நின்றேன். நாளை முதல் அவள் அக்கா நிற்பாள். வெள்ளிக்கிழமைதோறும் நான் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கடைக்கு எதிரே வெறும் சட்டம் மட்டும் நிற்கிறது. பல் விழுந்த வாய் மாதிரி அசிங்கமாக இருக்கிறது. அதில் என்ன போடட்டும். நீ சொல்லு. ஒரு எழுத்தைக்கூட நான் மாற்ற மாட்டேன்.

அந்தப் போர்டைச் சுருளிராஜன் கேட்டான், கொடுத்துவிட்டேன். இப்போது அவன் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரை. நீயும் நானும் குப்புறக் கிடக்கிறோம். ஆடுகள் நனையவில்லை.

இத்துடன் மூன்று கிலோ தூள். கொட்டை காய்ந்துவிட்டது.

மாமன்

*

பெங்களூரு
9.8.2025

மாமா,

அந்தப் போர்டு செய்த உருப்படியான வேலை ஆடுகளுக்குக் கூரையானதுதான்.

டாக்டரம்மாவிடம் நீங்கள் வாங்கிக்கொண்ட ஏச்சில் பாதி எனக்கு வர வேண்டியது. காபியும் கேன்சரும் என்று வீட்டில் முதலில் வாயைத் திறந்தவள் நான். சுரேஷிடம் பாதி சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். மீதியைச் சொல்லியிருக்க வேண்டும்.

நீங்கள் ஏணி ஏறியதைப் படித்துவிட்டுச் சுரேஷ் கடிதத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தான். பிறகு, "எங்கப்பா ஏத்தின எதையும் எறக்குனதே இல்ல" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது மாமா. கட்டுரை வந்த அன்றைக்கு இருந்ததைவிட அதிகமாகவே இருந்தது.

சட்டத்துக்குக் கேட்டீர்கள். எழுதி எழுதிக் கிழித்தேன். பத்திரிகைக்கு எழுதும்போது ஒரு பக்கம் எழுதுகிற விஷயத்தைப் பஸ்ஸில் போகிறவர் படித்து முடிக்க வேண்டும். இவ்வளவுதான் வந்தது.

'காபி மூளைப் புற்றுநோயைக் குணமாக்குமா? தெரியாது. தட்டில் பார்த்திருக்கிறோம், மனிதரிடம் பார்க்கவில்லை. ஆராய்ச்சி நடக்கிறது. வைத்தியத்தை நிறுத்தாதீர்கள். காபியை ருசிக்காகக் குடியுங்கள்.'

வியாபாரத்துக்கு இது உதவாது என்று தெரியும். வேண்டாமென்றால் சட்டத்தைப் பிடுங்கிவிடுங்கள், வருத்தப்பட மாட்டேன். என் படம் வேண்டாம்.

முனீஸ்வரிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அந்த முகமூடிக்குள் படுத்துக்கொண்டு ஏதாவது ஒரு பாட்டை மனசுக்குள் முழுசாகப் பாடச் சொல்லுங்கள். பாட்டு முடிவதற்குள் பெரும்பாலும் கதவைத் திறந்துவிடுவார்கள்.

பவானி

*

பெரியகுளம்
14.9.2025

என் ஆத்தா பவானிக்கு,

போர்டு ஏறி ஒரு மாசம் ஆகிறது. உன்னிடம் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன் என்று சொன்னேன், மாற்றவில்லை. அளவை மட்டும் மாற்றினேன். 'தெரியாது' என்பதை எவ்வளவு பெரிதாகப் போட முடியுமோ அவ்வளவு பெரிதாகப் போடச் சொன்னேன். உன் படத்தை நீ வேண்டாம் என்றாய், போடவில்லை. என் படத்தையும் சேர்க்கவில்லை. இவண் மட்டும் இருக்கிறது: பவானியின் மாமனார்.

அடித்துக் கொடுக்கிற பையன் தலையைச் சொறிந்தான்.

"அண்ணாச்சி, கட முன்னாடி தெரியாதுன்னு இம்புட்டுப் பெருசாப் போட்டா ஊரு சிரிக்காதா?"

"எம் மருமகளுக்கே தெரியாதது இந்த ஊர்ல வேற எவனுக்குலே தெரியும்? அடி."

நினைத்துப் பார்த்தேன் ஆத்தா. நம் ஊரில் எத்தனை போர்டு நிற்கிறது. மூட்டு வலி போகும், சர்க்கரை போகும், பிள்ளை பிறக்கும் என்று எல்லாம் தெரிந்தவன் போர்டுதான் எல்லாம். தெரியாது என்று போர்டு வைத்தவன் இந்தத் தேனி ஜில்லாவிலேயே நான் ஒருத்தன்தான். பஸ்ஸை ஓரம் கட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். வியாபாரம் குறையவில்லை. இவன் காபியில் பொய் கலக்க மாட்டான் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

முக்கியமான சேதிக்கு இப்போதுதான் வருகிறேன். முனீஸ்வரிக்குக் கரண்டு வைப்பது போன வாரம் முடிந்தது. மறுபடி ஆரம்பித்த பிறகு ஒரு நாளும் விடவில்லை. பாட்டு விஷயத்தைச் சொன்னேன். பாட்டு எதுவும் முழுசாகத் தெரியாது என்று, பால் ஊற்றுகிற வீடுகளை வரிசையாக நினைத்துக்கொண்டு படுத்திருந்தாளாம். எங்கள் கடை வரும்போது கதவு திறந்துவிடுமாம்.

நேற்று சாயங்காலம் சுருளிராஜனோடு கடைக்கு வந்தாள். அந்த முகமூடியை ஆஸ்பத்திரியில் அவளிடமே கொடுத்துவிட்டார்கள். பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தாள். வெள்ளை வலையில் அச்சு அசலாக அவள் மூக்கு, அவள் நெற்றி. கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். ஜெயித்த கோப்பையை வைத்திருக்கிற மாதிரி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"பெரியப்பா, ஒரு காப்பி."

எடுத்த டம்ளரைத் திரும்ப வைத்தேன். அவளே சிரித்தாள்.

"டாக்டரம்மாட்டக் கேட்டுட்டேன். ஒரு டம்ளர் குடிக்கலாம்னாக. மருந்துக்கில்ல, ஆசைக்கு."

நானே போட்டேன். பால் அவர்கள் வீட்டுப் பால். குடிப்பதற்கு முன்னால் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்து வைத்தாள். வேண்டாம் தாயி என்றேன்.

"அன்னைக்கு மருந்துன்னு சும்மா குடுத்தீக. இது காப்பி. காசு வாங்குங்க."

வாங்கிக்கொண்டேன்.

மூன்று மாசம் கழித்துத்தான் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்களாம். அதற்குள் கடையில் உட்கார்ந்திருந்த ஒருத்தர் சும்மா இருக்க முடியாமல், "என்ன தாயி, முழுசாக் கொணமாயிருச்சா?" என்று கேட்டுவிட்டார். கடையில் எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

முனீஸ்வரி டம்ளரைக் கீழே வைக்கவில்லை. டம்ளர் பிடித்த கையாலேயே எதிரே இருக்கிற போர்டில் அந்தப் பெரிய எழுத்தைக் காட்டினாள்.

"அங்கன எழுதியிருக்குல்ல."

சொல்லிவிட்டு மீதிக் காபியை நிதானமாகக் குடித்தாள்.

மாமன் கர்ணன்